மருந்தை நிறுக்கும் தராசு

(கிளைத் தோழர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றப்பட்ட சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரசியல் வகுப்பு என்று அழைத்துவிட்டு, காய்ச்சலைப் பற்றியும் கஷாயத்தைப் பற்றியும் பேசப் போகிறானாமே இவன் என்று உங்களில் சிலர் புருவத்தை உயர்த்துவதை நான் காண்கிறேன். நாடாளும் முறை பற்றியும் நாட்டு வருவாய் பற்றியும் கேட்க வந்தவர்களிடம் இருமலையும் சளியையும் எடுத்து வைக்கிறாரே என்று எண்ணுகிறீர்கள். எண்ணுவது முறைதான். ஆனால், ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் முதலில் ஓடிவருவது மருத்துவரிடம் அன்று. தெருவிலே தமக்குத் தெரிந்தவனிடம். அந்தத் தெரிந்தவன் நீங்கள்! அப்போது நீங்கள் சொல்லும் சொல் ஒருவனை மருத்துவமனைக்கு அனுப்பவும் கூடும்; சுடுகாட்டுக்கு அனுப்பவும் கூடும். இதைவிடப் பெரிய அரசியல் வேறு எது?

இதனை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. பட்டுத் தெளிந்து சொல்கிறேன்.

நான் நீட்டிய குவளை

2020ஆம் ஆண்டு கோடைக்காலம். ஊர் அடங்கிக் கிடந்தது. தறிகள் ஓயவில்லை என்று பெருமை பேசிய நெசவாளர் தெருவிலே தறிச் சத்தமே இல்லை. நானும் தோழர்களும் நாள்தோறும் காலை 6 மணிக்கு அண்டாவை அடுப்பில் ஏற்றினோம். கபசுரக் குடிநீர் காய்ச்சினோம். வீடு வீடாகச் சென்று கொடுத்தோம். அரசும் கொடுத்தது, நாமும் கொடுத்தோம். அதிலே தவறேதும் இல்லை. தவறு குவளையில் இல்லை. குவளையோடு சேர்த்து நான் கொடுத்த வாக்குறுதியில் இருந்தது.

அந்தத் தெருவிலே ஒரு நெசவாளி. ஐம்பதைக் கடந்தவர். நீரிழிவு உள்ளவர். "அண்ணே, இதைக் குடியுங்கள், எந்த நோயும் உங்களை அண்டாது" என்றேன். நான் மருத்துவனா? இல்லை. ஆராய்ந்தவனா? இல்லை. ஆனாலும் சொன்னேன். மக்களுக்குத் தெம்பூட்டுவதாக எண்ணிச் சொன்னேன்.

சில வாரங்கள் கழித்து அவருக்குக் காய்ச்சல் கண்டது, இருமல் வந்தது. சோதனை செய்துகொள்ளுங்கள் என்று மகன் சொல்லியிருக்கிறான். "தோழர் கொடுத்த குடிநீர் இருக்கிறது, அது போதும்" என்று அவர் சொல்லிவிட்டார். நான்கு நாள், ஐந்து நாள் கடந்தன. ஆறாம் நாள் உதடு நீலம் பூத்தது. 108 வண்டி வந்தது. மருத்துவமனைக்குப் போன மறுநாள் அவர் இல்லை.

அவருடைய துணைவியார் என்னைப் பழித்திருந்தால் நான் ஆறுதல் அடைந்திருப்பேன். பழிக்கவில்லை அந்த அம்மையார். "நீங்க குடுத்ததை ஒரு வேளை கூட விடாமத்தான் குடிச்சாரு தம்பி" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு வரி இன்றுவரை என்னை விடவில்லை.

உடனே மருத்துவமனைக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா? உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால், பிழைக்கக் கிடைத்த வாய்ப்பில் ஆறு நாட்களை என் சொல் தின்றுவிட்டது. கஷாயம் அவரைக் கொல்லவில்லை. அது மூச்சுத் திணறலுக்குப் போதும் என்ற நம்பிக்கை கொன்றது. அந்த நம்பிக்கையை விதைத்தவன் நான். ஆகவேதான், தோழர்களே, மருந்தை எப்படி நிறுப்பது, எந்தத் தராசில் நிறுப்பது என்பதைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

காக்கையும் பனம்பழமும்

மூச்சுக்குழலைத் தாக்கும் வைரஸ் நோய்களில் ஒரு வேடிக்கை உண்டு. சாதாரணச் சளியானாலும், இன்புளுயன்சா ஆனாலும், கொரோனா ஆனாலும், பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். உடலின் தற்காப்புப் படையே போரிட்டு வென்றுவிடுகிறது. அந்த நேரத்தில் எதைக் குடித்தாலும் அதற்கே புகழ் போய்ச் சேர்கிறது! மிளகு குடித்தவன் மிளகு காப்பாற்றியது என்கிறான். மாத்திரை தின்றவன் மாத்திரை காப்பாற்றியது என்கிறான். தாயத்துக் கட்டியவன் தாயத்து காப்பாற்றியது என்கிறான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை! காக்கைக்குக் கோயில் கட்டுவோரும் உண்டு. காக்கையைப் புட்டியில் அடைத்து விற்போரும் உண்டு.

நூற்றுக்கு மிகச் சிலரே இறக்கும் நோயில், ஒரு மருத்துவர் நூறு பேருக்கு வெறும் வெந்நீரைக் கொடுத்தாலும் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைத்துவிடுவர். "என் வெந்நீரால் இத்தனை பேர் பிழைத்தனர்" என்று அவர் கூறினால் அது பொய்யன்று. ஆனால் உண்மையும் அன்று! வெந்நீர் கொடுக்காத நூறு பேர் என்ன ஆயினர் என்று கேட்கும்போதுதான் உண்மை வெளிவரும். அந்தக் கேள்விதான் தராசு.

தராசு இல்லாத காலம் எப்படி இருந்தது என்பதற்கு 1918ஆம் ஆண்டே சான்று. அந்த ஆண்டு ஜூன் திங்களில் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கிய இன்புளுயன்சா, இந்தியத் துணைக்கண்டத்தில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. நோயின் காரணம் ஒரு பாக்டீரியா என்று அந்நாள் மருத்துவர் பலர் நம்பினர். கொய்னாவைக் கொடுத்தனர், ஆஸ்பிரினை அளவுக்கு மீறிக் கொடுத்தனர், குருதியை வடித்தவரும் இருந்தனர். மனிதரைத் தாக்கும் இன்புளுயன்சா வைரஸை இலண்டன் ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தது 1933இல்தான். எதிரி யார் என்று தெரியாமலே எய்த அம்புகள் அவை! எத்தனை அம்புகள் நோயாளியின் நெஞ்சிலேயே தைத்தனவோ!

குடவோலை முறை

நூறாண்டு கழித்து, 2020ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள், பிரான்சு நாட்டு மார்செய் நகரிலிருந்து ஒரு செய்தி கிளம்பிற்று. மலேரியாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொரோனாவை விரட்டுகிறது என்று தீதியே ரவூல் என்ற பேராசிரியரின் குழு அறிவித்தது. உலகமே துள்ளிற்று. அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த டிரம்ப் அதைப் புகழ்ந்தார். இந்தியா அனுப்பியே ஆகவேண்டும் என்று அழுத்தம் தந்தார். நம் நாட்டிலும் மருத்துவப் பணியாளர்கள் தற்காப்பாக அதனை உட்கொள்ளலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைத்தது.

அந்த ஆய்விலே இருந்தவர் எத்தனை பேர் தெரியுமா? கணக்கில் எடுத்துக்கொண்டவர் 36 பேர்! மருந்து உண்டவர் 20, உண்ணாதவர் 16. மருந்து உண்ணத் தொடங்கியவர் உண்மையில் 26 பேர். ஆறு பேரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டனர். ஏன் நீக்கினர்? மூவர் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட்டனர், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் மருத்துவமனையை விட்டுச் சென்றுவிட்டார், ஒருவர் குமட்டல் தாளாமல் மருந்தை நிறுத்திவிட்டார். தேர்வில் தோற்றவர்களின் விடைத்தாளைக் கிழித்தெறிந்துவிட்டு, எங்கள் பள்ளியில் அனைவரும் தேர்ச்சி என்று பறைசாற்றுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அந்தக் கட்டுரை 2024 டிசம்பரில் திரும்பப் பெறப்பட்டது. நாலே முக்கால் ஆண்டு கழித்து!

சரி, உண்மையை எப்படிக் கண்டனர்? அங்கேதான் நம் முன்னோர் கையாண்ட ஒரு முறையை நினைவூட்ட விரும்புகிறேன். பத்தாம் நூற்றாண்டிலே, பராந்தக சோழன் காலத்திலே, உத்திரமேரூரில் வாரிய உறுப்பினரை எப்படித் தேர்ந்தனர்? தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஏன்? வேண்டியவன், வேண்டாதவன் என்ற ஓரவஞ்சனை புகாதிருக்க!

மருந்துச் சோதனையும் அதே நெறிதான். எந்த நோயாளிக்கு மருந்து, எவருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும் என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி முடிவு செய்தால், தேறக்கூடியவருக்கு மருந்தும் தேறாதவருக்கு வெறுங்கையும் போய்ச்சேரக் கூடும். ஆகவே குலுக்கல்! ஆயிரக்கணக்கானோரைக் குலுக்கிப் பிரித்தால் இளைஞரும் முதியவரும், ஏழையும் செல்வரும், நீரிழிவு உள்ளவரும் இல்லாதவரும் இரு பக்கமும் ஏறத்தாழச் சமமாக அமைவர். பிறகு இரு பக்கத்துச் சாவுகளையும் எண்ணினால் போதும். எண்ணிக்கை பொய் சொல்லாது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் ரெக்கவரி என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் இதைச் செய்தனர். ஹைட்ராக்சிகுளோரோகுயின் பெற்ற 1561 பேரில் 28 நாட்களுக்குள் இறந்தவர் நூற்றுக்கு 27. பெறாத 3155 பேரில் இறந்தவர் நூற்றுக்கு 25. மாத்திரை காக்கவில்லை! உலகத் தலைவர்கள் வாழ்த்தியும் காக்கவில்லை. கப்பல் கப்பலாய் ஏற்றியும் காக்கவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த மாத்திரை தீங்கானது என்று 2020 மே திங்களில் புகழ்பெற்ற லான்செட் ஏட்டிலும் ஒரு கட்டுரை வந்தது. அதற்கு ஆதாரமான தரவுகளைத் தணிக்கைக்குக் காட்ட இயலாமல் இரண்டே வாரத்தில் அதையும் திரும்பப் பெற்றனர். ஆதரித்த பக்கத்திலும் புரட்டு. எதிர்த்த பக்கத்திலும் பிழை! ஆகவே, நமக்குப் பிடித்த முடிவைச் சொல்கிறதா என்று பார்த்து ஒரு செய்தியை ஏற்கக் கூடாது. எப்படி நிறுத்தார்கள் என்று பார்த்தே ஏற்க வேண்டும்.

வழக்கத்தை மீறி வென்றவை

அப்படியானால் வழக்கத்துக்கு மாறான மருத்துவம் எல்லாமே பொய்யா? இல்லை, தோழர்களே, இல்லவே இல்லை!

அதே ரெக்கவரி சோதனையில் டெக்சாமெதசோன் என்ற பழைய மருந்தையும் ஏற்றி நிறுத்தனர். 1950களின் கடைசியில் உருவான ஸ்டீராய்டு அது. சில ரூபாய்க்குக் கிடைப்பது. வைரஸ் காய்ச்சலில் ஸ்டீராய்டை வாடிக்கையாகக் கொடுக்கக் கூடாது என்பதுதான் அன்றைய அறிவுரை. அந்த வழக்கத்துக்கு மாறாகச் சோதித்தனர். 2020 ஜூன் 16ஆம் நாள் முடிவு வந்தது. செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரிடையே சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவரிடையே ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. செல்வரின் பெட்டகத்திலிருந்து வரவில்லை அந்த உயிர்க்காவல். ஏழை மருத்துவமனையின் அலமாரியிலேயே இருந்தது!

ஆனால், அதே அறிக்கையில் மூன்றாவது வரியும் இருந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவருக்கு அந்த மருந்தால் பயனில்லை. தீங்கும் நேரலாம் என்றது அந்த வரி. முதல் இரண்டு வரிகளைப் படித்தவர்கள் பலர். மூன்றாவது வரியைப் படித்தவர்கள் சிலர். 2021ஆம் ஆண்டு இரண்டாம் அலையில் நம் நாட்டில் என்ன நடந்தது? காய்ச்சல் கண்ட முதல் நாளே ஸ்டீராய்டு! மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஸ்டீராய்டு! நீரிழிவு உள்ளவருக்குச் சர்க்கரை ஏற, எதிர்ப்பாற்றல் இறங்க, கரும்பூஞ்சை கண்ணையும் மூக்கையும் தாடையையும் தின்றது. அந்த ஆண்டு ஜூன் முடிவதற்குள் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதற்கு ஆளாயினர் என்று மைய அரசே கணக்குச் சொன்னது. ஒரே மருந்து! ஒருவனுக்கு உயிர் தந்தது. இன்னொருவனுக்குக் கண்ணைப் பறித்தது. யாருக்கு, எப்போது, எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்ததே மருந்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னொரு மாறான வழி: நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்தல்! நுரையீரல் கடுமையாகப் பழுதுபட்டுக் கருவியில் இருப்போரை நாள்தோறும் நெடுநேரம் குப்புறக் கிடத்தினால் முதுகுப் பக்க நுரையீரல் விரிகிறது, ஆக்சிஜன் ஏறுகிறது. 2013இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், மல்லாந்து கிடந்தோரில் நூற்றுக்கு 33 பேர் இறக்க, குப்புறக் கிடந்தோரில் 16 பேரே இறந்தனர். புட்டி இல்லை, ஊசி இல்லை, காப்புரிமை இல்லை. ஆனாலும் உயிர் காத்தது. தராசில் ஏற்றினர், எடை இருந்தது, ஏற்றுக்கொண்டனர்.

ஆங்கில மருந்துக்கு ஒரு தராசா?

"எங்கள் பாட்டன் மருந்தைப் பழிக்க வந்துவிட்டாயே, மேல்நாட்டுக் கம்பெனிகளின் கொள்ளையைக் கேட்டாயா?" என்று ஒரு தோழர் கேட்கத் துடிக்கிறார். கேட்கிறேன், தோழரே! அதே தராசில்தான் அதையும் ஏற்றுகிறேன்.

2021 ஏப்ரலிலும் மே திங்களிலும் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ரெம்டெசிவிர் வாங்க மக்கள் வரிசையில் நின்றதை மறந்துவிட்டீர்களா? தாலியை அடகு வைத்து வந்தவர் உண்டு. கறுப்புச் சந்தையில் அள்ளிக் கொடுத்து வாங்கியவர் உண்டு. ஆனால், அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே, 2020 அக்டோபரிலேயே, 30 நாடுகளில் 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட உலக சுகாதார நிறுவனத்தின் சோதனை, மருத்துவமனையில் சேர்ந்தோரின் சாவைக் குறைப்பதில் அந்த ஊசி குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை என்று கூறிவிட்டது. பிற்பாடு, நோய் முற்றாத, ஆனால் ஆபத்து மிகுந்தவருக்குத் தொடக்கத்திலேயே கொடுத்தால் பயன் உண்டு என்று கண்டனர். மூச்சுத் திணறிக் கிடந்த தந்தைக்காக வெயிலில் நின்ற அந்த மகனுக்கு இதை யார் எடுத்துச் சொன்னார்கள்? எவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாலியேனும் மிஞ்சியிருக்கும்.

தேறியவரின் குருதித் தெளிநீராகிய பிளாஸ்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1918லேயே கையாண்ட வழி. அதைத் தேடி 2020இல் நாடெங்கும் உறவினர் அலைந்தனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளைக் கொண்டு குலுக்கல் முறையில் சோதித்தது. சாவைக் குறைக்கவில்லை என்று அவ்வாண்டு அக்டோபரில் வெளியிட்டது. நம் நாட்டு மருத்துவர்கள், நம் நாட்டு நோயாளிகள், உலகம் மதித்த முடிவு! ஆயினும் அரசு நெறிமுறையிலிருந்து பிளாஸ்மாவை நீக்கியது 2021 மே திங்களில்தான். அந்த ஏழு மாதமும் குடும்பங்கள் அலைந்துகொண்டேதான் இருந்தன.

ஐவர்மெக்டின் கதை இன்னும் பாடம் புகட்டுவது. ஒட்டுண்ணி நோய்களை ஒழித்த அருமருந்து அது. அதைக் கண்ட காம்ப்பெல், ஓமுரா இருவரும் 2015இல் நோபல் பரிசு பெற்றனர். ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் கொரோனா வைரஸை அது தடுத்தது, மெய். ஆனால், அங்கே பயன்பட்ட செறிவு மனிதக் குருதியில் எட்டமுடியாத அளவு! பிரேசில் நாட்டில் 1358 பேரிடம் சோதித்து 2022இல் வெளியிட்ட முடிவு, மருத்துவமனைச் சேர்க்கையை அது குறைக்கவில்லை என்பதே. நோபல் பரிசு பெற்ற மருந்தானாலும், எந்த நோய்க்குப் பெற்றதோ அந்த நோய்க்கே அது மருந்து.

வைட்டமின் சி-யும் அப்படியே. வேதியியலுக்கும் அமைதிக்கும் இரு நோபல் பரிசு பெற்ற லைனஸ் பாலிங், சளிக்கு அதுவே மாமருந்து என்று 1970இல் நூல் எழுதினார். பின்னர்ப் பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நாள்தோறும் உண்டாலும் பொதுமக்களுக்குச் சளி வருவதை அது தடுப்பதில்லை, வந்த சளியின் காலத்தைச் சற்றே குறைக்கிறது என்பதுதான் தெரிந்தது. அறிஞர் சொன்னார் என்பதும் சான்றாகாது.

பாட்டன் மருந்தும் அதே தராசில்

இனி நம் மூலிகைக்கு வருவோம். சுக்கும் திப்பிலியும் இலவங்கமும், ஆடாதோடையும் கற்பூரவள்ளியும், நிலவேம்பும் சீந்திலும் உள்ளிட்ட 15 சரக்குகள் சேர்ந்தது கபசுரக் குடிநீர். அந்த ஆடாதோடையின் பெருமை உங்களுக்குத் தெரியுமா? நம் ஊர் வேலியோரம் ஆடு தொடாமல் விட்ட செடி. இருமலுக்கு நம் பாட்டிமார் கொடுத்த இலை. அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை முன்மாதிரியாகக் கொண்டே மேல்நாட்டார் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை ஆக்கினர். இன்று மருந்துக் கடையில் நீங்கள் வாங்கும் சளி இளக்கும் மருந்துகள் பலவற்றில் அதுவோ, அதன் வழிவந்த அம்ப்ராக்சாலோ இருக்கிறது. நம் வேலியில் இருந்த செடியைச் சோதித்துப் புட்டியிலடைத்தவர் அவர். போற்றிப் பாடிக்கொண்டே இருந்தவர் நாம்!

சீன நாட்டுத் தூ யூயூ அம்மையார் என்ன செய்தார்? பழஞ்சுவடியில் கண்ட ஒரு செடியிலிருந்து மலேரியா மருந்தைப் பிரித்து, சோதித்து, நிறுவி, அதே 2015ஆம் ஆண்டு நோபல் பரிசில் பாதியைப் பெற்றார். சுவடியை வணங்கிப் பெறவில்லை, சோதித்துப் பெற்றார். சுவடிக்கு அதைவிட வேறு மரியாதை உண்டோ?

ஆனால், அவர் கண்ட மருந்தின் மூலச்செடியையே கொண்டு 2020 ஏப்ரலில் மடகாஸ்கர் குடியரசுத் தலைவர் கொரோனாவுக்குப் பானம் ஒன்றை வெளியிட்டார். பள்ளிப் பிள்ளைகளுக்கும் கொடுத்தனர். சோதனை இல்லை. ஜூலை திங்களில் அந்நாட்டு மருத்துவமனைகள் நோயாளிகளால் நிரம்பின.

கபசுரக் குடிநீரைப் பற்றிச் சிற்சில ஆய்வுகள் நடந்தன. ஆனால், சாவைக் குறைக்கிறதா, இல்லையா என்று ஐயமறத் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு, ஆயிரக்கணக்கானோரைக் கொண்ட பெருஞ்சோதனை நடக்கவில்லை. ஊர் ஊராக ஊற்றிக் கொடுக்க முடிந்த நம்மால், குலுக்கிப் பிரித்து எண்ணிப் பார்க்க முடியாதா? முடியும்! அதைக் கேட்பதுதான் சித்த மருத்துவத்தின் மேல் உண்மையான பற்று. கேட்காமல் புகழ்வது, பிள்ளையைத் தேர்வுக்கு அனுப்பாமலே வல்லவன் என்று பேசுவதற்கு ஒப்பு.

மூலிகைதானே, தீங்கு வராது என்பதும் தவறு. தற்காப்பென்று எண்ணிச் சீந்திலை நாள்தோறும் உண்டோரிடையே கல்லீரல் பாதிப்புக் கண்டதாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினர். உடலில் வேலை செய்யும் பொருள் எதுவானாலும், கூடினால் குறைந்தால் தீங்கும் செய்யும்.

தீங்கே செய்யாத ஒன்றும் இருந்தது. ஆர்செனிகம் ஆல்பம் 30 என்ற ஓமியோபதி உருண்டை! 2020 சனவரியிலேயே ஆயுஷ் அமைச்சகம் அதைத் தற்காப்பாகப் பரிந்துரைத்தது. நூறு மடங்கு கரைசல் முப்பது முறை செய்வது அது. 1-க்குப் பின் 60 சுழியங்கள் போட்ட அளவு நீர்த்தது! ஒரு துளி நீரில் உள்ள மூலக்கூறுகளோ 1-க்குப் பின் 21 சுழியங்கள் அளவே. மூலப்பொருளில் ஓர் அணுவேனும் எஞ்சியிருக்க வழியில்லை. தீங்கு வராததன் காரணம் புரிகிறதா? உள்ளே மருந்தே இல்லை!

வாணிகமும் வாய்ப்பந்தலும்

2020 ஜூன் 23ஆம் நாள் அரித்துவாரத்தில் கொரோனில் என்ற பெட்டி, நோயைத் தீர்க்கும் மருந்து என்ற முழக்கத்தோடு வெளிவந்தது. அன்றே ஆயுஷ் அமைச்சகம் விளம்பரத்தை நிறுத்தச் சொன்னது. ஆனால், 2021 பிப்ரவரியில் மைய அமைச்சர் இருவர் மேடையில் இருக்க, அது மீண்டும் விழாக் கண்டது. உலக சுகாதார நிறுவனமோ தான் எந்தப் பாரம்பரிய மருந்துக்கும் கொரோனாவுக்கெனச் சான்று தரவில்லை என்று அறிவித்தது. 2024இல் பொய் விளம்பர வழக்கில் அந்த நிறுவனம் உச்ச நீதிமன்றத்தின் கண்டனத்துக்கு ஆளாகி நாளேடுகளில் மன்னிப்புக் கேட்டது. மந்திர மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் இருக்கிறது. சட்டம் உறங்கினால் புரட்டு ஊர்வலம் போகும்!

மூடத்தனம் எந்த நாட்டின் தனிச்சொத்தும் அன்று. டில்லியில் 2020 மார்ச்சில் பசுவின் சிறுநீரைக் குடிக்க விருந்து வைத்தனர். வாசிங்டனில் கிருமிநாசினியை உடலுள் செலுத்தலாமோ என்று குடியரசுத் தலைவரே வினவினார். ஈரான் நாட்டில் சாராயம் நோயைத் தடுக்கும் என்ற வதந்தியை நம்பி மெத்தனாலைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அச்சம் வந்தால் அறிவு அகன்றுவிடுகிறது. அகன்ற இடத்தில் வாணிகன் கடை விரிக்கிறான்.

நாம் செய்ய வேண்டுவது

சரி, மறுபடியும் ஒரு கொள்ளைநோய் வந்தால், அல்லது ஆண்டுதோறும் வரும் இன்புளுயன்சா நம் தெருவைத் தாக்கினால், நாம் என்ன செய்வது?

எவர் எந்த மருந்தைக் கொண்டுவந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதைப் பெறாதவரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களா? யாருக்கு எது என்பதைக் குலுக்கலால் பிரித்தார்களா? எத்தனை பேர், கணக்கிலிருந்து நீக்கப்பட்டவர் யாவர்? இம்மூன்றுக்கும் விடை இல்லையேல், "இருக்கலாம், இன்னும் தெரியாது" என்று சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்பது கோழைத்தனம் அன்று. அன்று நான் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால்!

கஷாயம் விரும்புவோர் அருந்தட்டும். ஆறுதலைப் பறிக்க நமக்கு உரிமை இல்லை. ஆனால், அதோடு சேர்த்துச் சொல்லுங்கள்: மூச்சு வாங்கினால், நெஞ்சு இறுகினால், குழப்பம் கண்டால், உதடு நீலம் பூத்தால், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 94க்குக் கீழ் காட்டினால், ஒரு மணி நேரமும் தாழ்த்தக் கூடாது. தேன் இருமலைத் தணிக்கும். ஓராண்டு நிரம்பாத குழந்தைக்கு மட்டும் கொடுக்கவே கூடாது. ஆவி பிடிப்பது இதமளிக்கும், வைரஸைக் கொல்லாது, கொதிநீர் கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகள் உண்டு. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக், வைரஸை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டை மருத்துவர் சொல்லாமல் தொடாதீர்கள். முதியோருக்கும் நீரிழிவு உள்ளோருக்கும் தடுப்பூசியை எடுத்துச் சொல்லுங்கள். அது தராசில் நிறுக்கப்பட்டது.

அரசை நோக்கிக் கேட்க வேண்டியவையும் உண்டு. அரசுப் பணத்தில் மக்களுக்கு வழங்கும் மருந்து எதுவானாலும், அதனோடு சோதனையும் நடக்க வேண்டும். முடிவு நல்லதாயினும் அல்லதாயினும் தமிழில் வெளிவர வேண்டும். முடிவு வந்த பின் நெறிமுறை திருந்த ஏழு மாதம் ஆகக் கூடாது.

இவையெல்லாம் ஏழை நாட்டில் நடக்குமா என்று ஐயுறாதீர்கள். நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது! 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கிற்று. காசநோயாளி என்றால் காப்பகத்தில் படுக்கை, பால், முட்டை, நீண்ட ஓய்வு என்பதுதான் உலக வழக்கம். ஏழைக்கு அதற்கு எங்கே போவது? மருந்தை மட்டும் கொடுத்து வீட்டிலேயே இருக்கச் செய்தால் என்ன என்று, அன்றைக்கு வழக்கத்துக்கு முற்றிலும் மாறான கேள்வியை எழுப்பினர். குலுக்கினர்; பிரித்தனர்; எண்ணினர். நெரிசல் வீட்டில் குறைந்த உணவோடு மருந்துண்ட சென்னை ஏழையும், காப்பகத்தில் இருந்தவருக்கு ஏறத்தாழ ஒப்பாகவே குணமடைந்தான் என்று 1959இல் உலகுக்கு அறிவித்தனர். குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதல் ஆபத்து இல்லை என்று காட்டினர். உலகமே காசநோய் மருத்துவத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தது. காப்பகத்தின் கதவை ஏழைக்காகத் திறந்தது அன்று அந்தச் சோதனை. காப்பகமே தேவையில்லை என்று காட்டிற்று!

அது வைரஸ் நோயன்று. ஆனாலும் மூச்சு நோய். வழக்கத்துக்கு மாறான வழி ஏழைக்குத் துணை நின்றது, அது தராசில் ஏறி நின்ற காரணத்தால்.

தோழர்களே! அந்த நெசவாளியின் மகன் இன்று நம் கிளையில் இருக்கிறான். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் தெருவில் காய்ச்சல் பரவியபோது, அண்டாவை அடுப்பில் ஏற்றியவன் அவன்தான். குவளையை ஒரு கையில் நீட்டினான். மறு கையில் ஆக்சிமீட்டரை வைத்திருந்தான். "இது தொண்டைக்கு இதம், அவ்வளவுதான். விரலைக் கொடுங்கள், எண்ணைப் பார்ப்போம்" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னான். எண் குறைந்திருந்த இருவரை அன்றே வண்டியில் ஏற்றினோம். இருவரும் வீடு திரும்பினர்.

அவன் தந்தைக்கு நான் சொல்லத் தவறியதை, அவன் எனக்குச் சொல்லிக் கொடுத்தான். அதை உங்களிடம் ஒப்படைத்துவிட்டேன்.